பொடிக்கிழங்கும் விதைச் சிறுகிழங்கும்: கிழங்கு வியாபாரிகள் கவனத்திற்கு



விருதுநகரிலும் சிவகாசியிலும் உருளைக்கிழங்கு விளையாது. கிழங்கு பிடிப்பதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நன்றாகத் திரளும். 30ஐ நெருங்கினால் செடி தழைக்குமே தவிர அடியில் ஒன்றும் இராது. நமது கரிசல் காட்டின் வெயிலை நினைத்துப் பார்த்தால் போதும். ஆகவே மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்தோ, ஆக்ராவிலிருந்தோ, கோலாரிலிருந்தோ லாரியில் வருவதை இறக்கி, தரம் பிரித்து, சாத்தூருக்கும் அருப்புக்கோட்டைக்கும் சிவகாசிக்கும் அனுப்புவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. விதை எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்பதெல்லாம் சம்சாரியின் பாடு என்றுதான் நாங்களும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தோம்.

இப்போது அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'லேப் விதை', 'டிஷ்யூ விதை' என்ற பேச்சு நமது கடைவீதிக்கும் வந்துவிட்டது. மலையில் நிலம் பிடித்துத் தருகிறோம், விதையும் நாங்களே தருகிறோம், பணம் மட்டும் போடுங்கள் என்று கேட்டு வந்தவர்களை நாங்களே இரண்டு முறை பார்த்தோம். பையிலிருந்து கோலிக்குண்டு அளவில் நாலு கிழங்கை எடுத்து மேசையில் வைத்தார்கள். நாமும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தோம். என்ன தெரியும்? மிளகாய் வற்றலைக் கையில் எடுத்தால் ராமநாதபுரம் முண்டா, குண்டூர்ச் சரக்கா என்று சொல்லிவிடுவோம். பருப்பைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்லுவோம். விதைக்கிழங்கில் அப்படிப் பார்த்துச் சொல்லும் கண் யாருக்கும் கிடையாது. இதை நாங்கள் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டோம். அந்தக் கதைக்கு முன்னால் உருளையின் விதை என்பது என்னவென்று பார்த்துவிடுவோம்.

காலண்டர் கணக்கு

நெல்லுக்கும் உளுந்துக்கும் பூவிலிருந்து விதை வருகிறது. உருளையில் நாம் விதை என்று சொல்வது கிழங்கையேதான். போன வருஷச் செடியின் ஒரு துண்டை எடுத்து இந்த வருஷம் நடுகிறோம். இதில் ஒரு சௌகரியம், ரகம் மாறாது. ஒரு சங்கடம், தாய்ச்செடியில் இருந்த நோயும் கூடவே வந்துவிடும்.

சிவகாசி அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூலப் படத்திலிருந்து பிளேட் எடுத்து அடித்தால் லட்சம் காலண்டரும் சுத்தமாக வரும். மூலப் படம் தொலைந்துபோய், அடித்த காலண்டரையே படம் பிடித்து அதிலிருந்து பிளேட் எடுத்தால் எப்படியிருக்கும்? முதல் தடவை ஒரு தூசி விழுந்து புள்ளியாகும். அடுத்த வருஷம் அந்தப் பிரதியிலிருந்து எடுத்தால் புள்ளியோடு ஒரு கீறலும் சேரும். ஐந்தாறு தடவை ஆனபின் சாமி முகமே தெரியாது. உருளையில் இந்தப் புள்ளியும் கீறலும் வைரஸ்கள். இலைச்சுருள் வைரஸ், ஒய் வைரஸ், எக்ஸ் வைரஸ் என்று பல உண்டு. முதல் இரண்டையும் அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி கொண்டுபோகும். எக்ஸ் வைரஸ் செடியும் செடியும் உரசினாலே போதும், பரவிவிடும். மருந்து அடித்து அசுவினியைக் குறைக்கலாம். செடிக்குள் புகுந்த வைரஸை எடுக்க மருந்து கிடையாது. வருஷா வருஷம் சொந்த விதையையே போட்டு வந்தால் மகசூல் படிப்படியாக இறங்கும். கடுமையாகத் தாக்கினால் பாதிக்கும் கீழே போய்விடும்.

நமது நாட்டில் 1949இல் பாட்னாவில் தொடங்கி 1956இல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு வழி கண்டது. வடக்கே சமவெளியில் அக்டோபர் முதல் ஜனவரி வரை அசுவினி மிகக் குறைவு. அந்த இடைவெளியில் விதைப் பயிரை எடுத்துவிட வேண்டும். நூறு இலைக்கு 20 அசுவினி என்ற அளவைத் தொடுமுன் செடியின் தண்டை வெட்டிவிடுவார்கள். தலை போனாலும் மண்ணுக்குள் கிழங்கு தப்பிக்கும். பஞ்சாப் விதைக்கிழங்கு நாடெங்கும் போவதற்கு அடிப்படை இந்த ஏற்பாடுதான். ஆனாலும் சுத்தமான ஒரு கிழங்கைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, பெருக்கி, சம்சாரி கைக்கு வந்து சேர ஏழெட்டு வருஷம் ஆகும். நெல் ஒரு மூட்டை விதைத்தால் நூறு மூட்டை வரும். உருளை ஒன்றுக்கு ஏழு, எட்டுதான்.

நாங்கள் செய்த தவறு

பூண்டு வாங்க வடுகபட்டிக்கும் கொடைக்கானல் மேல்மலைக்கும் போய்வந்த பழக்கத்தில், மன்னவனூர்ப் பக்கத்து சம்சாரி ஒருவர் எங்களுக்கு வேண்டியவர் ஆனார். பூண்டுக்கும் உருளைக்கும் அவருக்கு முன்பணம் கொடுப்பது வழக்கம். 2011ஆம் வருஷம் அவர் எங்களிடம், "அண்ணாச்சி, விதைக்கிழங்கு விலை கட்டுப்படியாகல. உங்க கடைக்கு வர்ற பொடிக்கிழங்கு பாதி விலைதான போகுது? அதுல ஒரு ஏக்கருக்கு அனுப்பி வைங்க" என்று கேட்டார்.

எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பொடி என்றால் நமக்குத் தலைவலிச் சரக்கு. ஓட்டல்காரர் தொடமாட்டார், வீட்டுக்காரம்மா தோல் உரிக்கச் சங்கடப்படுவார். வடக்கேயிருந்து கோல்டு ஸ்டோரேஜ் சரக்கு ஒரு லோடு வந்திருந்தது. அதில் பொறுக்கி 25 மூட்டை கட்டி அனுப்பினோம். விதைக்கு என்று நாங்கள் பில் போடவில்லை. ஆனால் விதைக்குத்தான் போகிறது என்று தெரிந்தே அனுப்பினோம்.

நாற்பது நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது செடி முழங்கால் உயரம்கூட இல்லை. அடி இலைகள் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, வெற்றிலையை மடித்தது போல் விறைத்து நின்றன. தோண்டியபோது மூட்டைக்கு மூன்று மூட்டை தேறவில்லை, அதிலும் பாதி பொடி. அந்த சம்சாரி எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முன்பணத்தை எப்படித் திருப்புவது என்றுதான் பேசினார். எங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இலையைப் பார்த்த விவரம் தெரிந்த தோட்டக்கலை அலுவலர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். நோயுள்ள செடியில் கிழங்கு பெருக்காது, பொடியாகத்தான் வரும். ஆகவே ஒரு லோடிலிருந்து பொடியாகப் பொறுக்கி எடுத்தால், நோய்ச் செடிகளின் கிழங்கைத் தேடித் தேடிப் பொறுக்கியதாகத்தான் அர்த்தம். முப்பது வருஷம் கிழங்கு விற்ற எங்களுக்கு இது தெரியவில்லை.

சோதனைச்சாலைச் சிறுகிழங்கும் அதே அளவுதான் இருக்கும். ஆனால் அது சிறுத்திருப்பதற்குக் காரணமே வேறு.

குப்பிக்குள் பிறக்கும் நாற்று

செடி முழுக்க வைரஸ் பரவினாலும், வளரும் நுனியின் உச்சியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவு இடத்துக்கு அது சுலபமாகப் போய்ச் சேர்வதில்லை. இந்த உண்மையைப் பயன்படுத்தி பிரான்சு நாட்டில் மோரெல், மார்ட்டின் என்ற இருவர் 1952இல் டாலியா பூச்செடியிலும், 1955இல் உருளையிலும் நோயற்ற செடிகளை எடுத்தார்கள். அந்த நுனியைப் பெருக்காடியின் கீழ் வெட்டி எடுத்து, உப்புச் சத்துகளும் சர்க்கரையும் கலந்த அகர் கூழில் வைத்து வளர்க்கிறார்கள். அகர் என்றால் புதிது அல்ல. நோன்பு மாதத்தில் கடல்பாசி என்று கேட்டு வாங்குகிறார்களே, அதுதான். அப்படி வரும் நாற்றைச் சோதித்து, வைரஸ் இல்லை என்று உறுதியான பிறகே பெருக்குவார்கள். சிவகாசிக் கணக்கில் சொன்னால், கெட்டுப்போன பிரதியைத் துடைத்து மூலப் படத்தை மறுபடி எடுக்கிற வேலை இது.

பெருக்குவது எப்படி? நாற்றைக் கணுக் கணுவாக வெட்டி வேறு குப்பிகளில் வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் ஒவ்வொரு கணுவும் ஒரு நாற்றாகிறது. மாதம் ஒரு முறை மூன்றாக வெட்டினால் போதும், பத்து மாதத்தில் ஒன்று 59,049 ஆகும். பேனா எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மழை, பருவம் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

இந்த நாற்றுகளைக் குப்பியிலிருந்து எடுத்துப் பழக்கி, அசுவினி நுழையாத நெருங்கிய வலை போட்ட கூடத்தில், சுத்தம் செய்த தென்னை நார்த்தூளில் நடுகிறார்கள். மண்ணே சேர்ப்பதில்லை. இரண்டு வாசல் வைத்து, ஒன்றை மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்கிறார்கள். நெருக்கி நட்ட மெல்லிய நாற்று என்பதால் கிழங்கு ஒரு கிராமிலிருந்து 15, 20 கிராம் வரைதான் திரளும். இதுதான் விதைச் சிறுகிழங்கு. சில இடங்களில் குப்பிக்குள்ளேயே சர்க்கரையைக் கூட்டி இருட்டில் வைத்து, பட்டாணி அளவு நுண்கிழங்கு எடுப்பதும் உண்டு.

இதற்கு மேலும் ஒரு முறை வந்திருக்கிறது. ஏரோபோனிக்ஸ் என்கிறார்கள். பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டுச் செடியை நிறுத்தி, வேரை உள்ளே இருட்டில் தொங்கவிட்டு, சத்து கலந்த தண்ணீரைப் பனி போல் அடித்துக்கொண்டே இருப்பது. அளவு வந்த கிழங்கை மட்டும் பறித்துக்கொண்டு மூடிவிடலாம், மற்றது வளரும். ஒரு செடியில் 35 முதல் 60 வரை எடுக்கலாம் என்பது சிம்லா நிலையத்தார் சொல்லும் கணக்கு. ஹரியானாவில் கர்னால் அருகே ஷாம்கர் உருளைத் தொழில்நுட்ப மையத்தில் இப்படிச் செய்கிறார்கள். பம்பு நின்றால் வேர் காய்ந்துவிடும். கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் ஓட வேண்டும். முதலீடு கேட்டு வருகிறவர்கள் இந்தச் செலவைச் சொல்வதில்லை.

விலையும் தலைமுறையும்

இனி நமக்குப் பழக்கமான இடத்துக்கு வருவோம். இரண்டடிப் பாரில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்று நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 33 ஆயிரம் விதை பிடிக்கும். ஒன்று 35 கிராம் என்றால் 11, 12 குவிண்டால். அதாவது 45 கிலோ மூட்டையில் 25, 26 மூட்டை. லாரி வாடகை, ஏற்றுகூலி, அழுகல் எல்லாம் இதன் தலையில் ஏறும். உருளை சாகுபடியில் விதைச் செலவு பாதியை நெருங்குவது இதனால்தான். அதே 33 ஆயிரமும் 5 கிராம் சிறுகிழங்காக இருந்தால் நாலு மூட்டைகூட வராது.

அப்படியானால் சிறுகிழங்கையே வாங்கி நட்டுவிடலாமே என்று தோன்றும். ஒன்று 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏக்கர் விதை 1 லட்சத்து 65 ஆயிரம். கறிக்கிழங்கு விற்று அதைத் தேற்ற முடியாது. மேலும் இத்தனை சிறிய கிழங்கில் சேமிப்பு குறைவு, முளை மெலிந்து வரும், காய்ச்சலையும் வெள்ளத்தையும் தாங்காது. இது கைக்குழந்தை மாதிரி. ஆகவே முதல் வருஷம் வலைக்குள்ளோ, மற்ற உருளைக் காடுகளிலிருந்து ஒதுங்கிய நிலத்திலோ நட்டு, வந்ததை மறுபடி விதையாகவே நட்டு, மூன்றாவது அல்லது நான்காவது தலைமுறையைத்தான் சம்சாரிக்கு விற்கிறார்கள். 1000 சிறுகிழங்கு ஒன்றுக்கு எட்டு என்று பெருகினால் மூன்று போகத்தில் 5 லட்சத்து 12 ஆயிரம். 15 ஏக்கருக்கு விதை ஆயிற்று. ஏழெட்டு வருஷ வேலை பாதியாகக் குறைகிறது.

இந்தத் தலைமுறைக் கணக்கில்தான் ஏமாற்றும் இருக்கிறது. வெளியே வந்த ஒவ்வொரு போகமும் அசுவினிக்கு ஒரு வாய்ப்பு. லேபில் பிறந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பிறந்து எட்டுப் போகம் கழிந்திருந்தால் அது பழைய கிழங்குதான். பஞ்சாபில் 2020இல் திசு வளர்ப்பு விதைக்கிழங்குக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும் அது விதைக்கிழங்கில் பேர் பெற்ற மாநிலம்.

நீலகிரி சொல்லும் பாடம்

நமது பக்கத்தில் ஊட்டிக் கிழங்குக்கு என்றும் ஒரு மதிப்பு உண்டு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்திலிருந்து அங்கே உருளை இருக்கிறது. ஊட்டி முத்தோரையில் 1957 முதல் சிம்லா நிலையத்தின் கிளையும் இருக்கிறது. அப்படியிருந்தும் நீலகிரிக் கிழங்கை வெளியூருக்கு விதையாக அனுப்ப முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு புழு. 1961இல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய நிபுணர் ஊட்டி மண்ணில் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். கடுகைவிடச் சிறிய அந்தக் கூடு மண்ணில் இருபது வருஷம்கூட உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஊர் விட்டு ஊர் போகும். 1971இல் விதை வெளியே போகத் தடை வந்தது. 1985இல் இந்தப் புழுவைத் தாங்கும் குப்ரி சுவர்ணா என்ற ரகம் வெளிவந்தது. ஆனாலும் கடையில் கேட்கிற பேர் 1968இல் வந்த குப்ரி ஜோதிதான். 2018இல் அதே புழுவின் காரணமாக இமாச்சலம், காஷ்மீர், உத்தரகாண்ட் மலைகளின் விதைக்கும் தடை போட்டார்கள்.

மண்ணே தொடாத சிறுகிழங்கின் அருமை இங்கேதான் புரியும். வைரஸ் மட்டுமல்ல, புழுவும் அதில் வர வழியில்லை.

கர்நாடகத்தில் ஹாசன் ஜில்லாக்காரர்கள் இன்னொரு வழியில் போகிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் மே மாதம் ஜலந்தரிலிருந்து லாரி லாரியாக விதை வர வேண்டும். 2000களில் இலைக்கருகல் நோயால் அங்கே பலர் உருளையையே விட்டு மக்காச்சோளத்துக்குப் போனார்கள். பாகல்கோட்டைத் தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும், பெரு நாட்டு லிமாவில் 1971 முதல் இயங்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையமும் சேர்ந்து, திசு வளர்ப்புச் செடியின் நுனியைக் கிள்ளி வேர் பிடிக்க வைத்து, தக்காளி நாற்றைப் போல் தட்டுகளில் சம்சாரிக்குத் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். அவரே தன் நிலத்தில் ஒரு பாத்தியில் நட்டு, ஒதுக்கி வைத்து, விதை எடுத்துக்கொள்கிறார். ஜலந்தர் வாடகை மிச்சம். லாபம் குறைந்தது இடையில் இருந்த வியாபாரிக்குத்தான், அதற்காக நாம் வருத்தப்பட வேண்டியதில்லை.

கடையில் கவனிக்க வேண்டியது

கறிக்கிழங்கும் விதைக்கிழங்கும் கிடங்கிலேயே பிரிகின்றன. விதையை 2 முதல் 4 டிகிரியில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் மாவு சர்க்கரையாகும். சிப்ஸ் போட்டால் கருத்துப்போகும், பொரியல் தித்திக்கும். நம்மிடம் வாடிக்கைக்காரர் "கிழங்கு இனிக்குது அண்ணாச்சி" என்று திருப்பிக் கொண்டுவந்தால் சரக்கு அதிகக் குளிரில் கிடந்தது என்று அறியலாம். இதற்காகவே கறிக்கிழங்கைச் சில கிடங்குகளில் 10, 12 டிகிரியில் வைத்து, முளைக்காமல் இருக்கச் சி.ஐ.பி.சி. என்ற மருந்துப் புகை போடுகிறார்கள். அந்தக் கிழங்கை விதைக்கு விற்றால் முளை வராது. மறுபக்கம், விதைக்கிழங்கைக் கிடங்கில் வைக்குமுன் போரிக் அமிலக் கரைசலில் நனைப்பது உண்டு. விதை விற்றது போக மீந்தது மலிவாக வருகிறது என்று வாங்கி, சிவகாசி டீக்கடை போண்டாவுக்கு அனுப்பிவிடக் கூடாது. மலிவாக ஒரு லோடு வந்தால் எங்கே கிடந்தது, எதற்காக வைத்திருந்தது என்று கேட்காமல் இறக்க வேண்டாம்.

விதை என்று யாரேனும் சிறுகிழங்கைக் காட்டிப் பணம் கேட்டால், கிழங்கைப் பார்ப்பதை விட்டுக் காகிதத்தைப் பார்க்க வேண்டும். எந்தச் சோதனைச்சாலை, வைரஸ் சோதனை எந்தத் தேதியில், இது எத்தனையாவது தலைமுறை, ரகம் எது, விதைச் சான்று அட்டை மூட்டையில் தைத்திருக்கிறதா. பதில் சொல்லத் தயங்கினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். நாங்கள் இரண்டு முறையும் தலைமுறையைக் கேட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டார். மற்றவர் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர்தான்.

நமது கடைக்குப் பொடிக்கிழங்கு கேட்டு மலைச் சம்சாரி யாரும் வந்தால், விதைக்கு இல்லை என்று வாயால் சொல்லி, பில்லிலும் 'சமையலுக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு இதில் கொஞ்சம் சிரிப்புத்தான்.

மன்னவனூர்ச் சம்சாரியின் கணக்கில் அந்த 25 மூட்டைக் கிரயத்தை நாங்கள் எழுதவில்லை. முன்பணத்தில் பாதியையும் தள்ளினோம். மீதியை மூன்று வருஷத்தில் பூண்டாகக் கொடுத்துத் தீர்த்தார். அதன்பிறகு சான்று பெற்ற விதையில் ஐந்து மூட்டை மட்டும் வாங்கி, மற்ற உருளையிலிருந்து தள்ளி மேல்வயலில் நட்டு, சுருண்ட செடியைக் கண்டதும் வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி எடுத்துப்போய்ப் புதைத்து, வருவதை அடுத்த போகத்துக்கு விதையாக வைத்துக்கொள்கிறார். மூன்று போகத்துக்கு ஒரு முறை பழையதை முழுக்க விற்றுவிட்டுப் புதிதாக வாங்குகிறார். போன தடவை வந்த லோடில் மூட்டைக்கு எட்டு மூட்டை கண்டதாகச் சொன்னார். பொடி குறைவாக இருந்ததை நாங்களே தரம் பிரிக்கையில் பார்த்தோம்.